மூன்றில் இரண்டு பங்கு: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடும் பார்ட் ரயிலுக்காக 1962இல் நடந்த வாக்கெடுப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கடன் பத்திரம் வெளியிடுவதற்கு முன் மக்களிடம் ஓட்டுக் கேட்பது நல்ல வழக்கம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதி போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2021இல் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கினேன். வேலைக்குக் காரில்தான் போகிறேன், பார்ட்டில் ஏறுவது அபூர்வம். ஆனால் என் சொத்துவரி பில்லில் பார்ட்டின் கடன் பத்திரத்துக்கு, அதாவது பாண்டுக்கு, என்று ஒரு தொகை வருகிறது. அதில் வட்டியும் அடக்கம். சொந்த வீடு இல்லாதவர்களும் ஓட்டுப் போட்டு என் வீட்டின் மேல் வரியை ஏற்றுகிறார்கள். எனக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த விதி. அதையும் எடுக்கச் சொல்வது நியாயமா?

ஃப்ரீமாண்ட் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

டிசம்பர் 10க்குள் பணத்தைக் கட்டிவிட்டு பில்லை மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்களுக்கான பகுதிவரை படித்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், கல்லூரி, பூங்கா என்று வரிசையாக இருக்கும் அந்தப் பகுதியில்தான் பார்ட்டும் இருக்கிறது.

உங்கள் மனத்தாங்கலில் ஒரு பகுதி முழுக்க நியாயமானது. பாண்டுக்கான வரி வீட்டின் சந்தை விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. மதிப்பீட்டு அலுவலகம் குறித்து வைத்திருக்கும் மதிப்பின் மேல்தான் விழுகிறது. 1978இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய பிராப் 13 என்ற சட்டத்திருத்தம் அந்த மதிப்பை வாங்கிய விலையோடு கட்டிப்போட்டது. அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எண்பதுகளில் வாங்கியவராக இருந்தால், அதே அளவு வீடு, அதே தெரு, அதே ஸ்டேஷன், ஆனால் அவர் கட்டுவது நீங்கள் கட்டுவதில் சிறு பங்கு. நம் ஆட்களில் பெரும்பாலோர் பிந்தி வந்து அதிக விலைக்கு வாங்கியவர்கள். வலி நமக்குத்தான் கூடுதல். ஆனால் அது பிராப் 13 செய்த அநியாயம். ரயிலின் மேல் கோபப்பட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

வாடகைக்கு இருப்பவர் வரியிலிருந்து தப்பிக்கிறார் என்பதை ஏற்க மாட்டேன். வீட்டுக்காரர் தன் செலவை வாடகையில் சேர்த்துத்தான் கேட்கிறார். வட்டியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1962இல் ஒப்புதல் கிடைத்த 79.2 கோடி டாலர் கடன் 1999இல்தான் முழுவதும் அடைந்தது. 1972இல் முதல் ரயில் உங்கள் ஃப்ரீமாண்டுக்கும் ஓக்லண்டுக்கும் இடையில்தான் ஓடத் தொடங்கியது. எழுபதுகளில், எண்பதுகளில் இங்கே குடிவந்து அதில் ஏறி வேலைக்குப் போனவர்களும் அந்தக் கடனில் தங்கள் பங்கைக் கட்டினார்கள். மொத்தச் செலவையும் 1962இல் இருந்தவர்களிடமே வசூலித்திருந்தால், ஏறாமலே இறந்தவர்கள் நமக்காகக் கட்டியதாக ஆகியிருக்கும். பல தலைமுறைக்கு நிற்கும் பொருளுக்கு வட்டியோடு கடன் வாங்குவதுதான் நேர்மையான வழி.

இனி அந்த விதிக்கு வருகிறேன். 1879இல் எழுதிய கலிஃபோர்னிய அரசியல் சட்டத்திலிருந்து வருவது அது. அதன்படி ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் அதை ஈடுகட்ட இரண்டு பேர் ‘வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். பார்ட்டுக்காக மட்டும் சட்டமன்றம் அதை 60 விழுக்காடாகத் தளர்த்தியது. கிடைத்தது 61.2. பழைய விதி நின்றிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

இது காரில் போகிற உங்களையும் எப்படித் தொடுகிறது என்பதற்கு 1989ஐப் பாருங்கள். அக்டோபர் 17 மாலை நிலநடுக்கத்தில் பே பிரிட்ஜின் மேல்தளத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பாலம் ஒரு மாதம் மூடிக்கிடந்தது. ஓக்லண்டுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே கடலடியில் கிடக்கும் பார்ட் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு ரயிலை விட்டார்கள். அந்த வாரங்களில் 24 மணி நேரமும் ஓடியது. காரை மட்டுமே நம்பியிருந்தவர்களும் அதில் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அதைவிடக் கிட்டத்தில், அதைவிடப் பெரிதாக ஒரு நிலநடுக்கம் வந்தால் குழாய் தாங்குமா என்ற கேள்வி பொறியாளர்களை விடவில்லை. குழாயைச் சுற்றி நிரப்பியிருக்கும் மண் குலுக்கலில் கூழாகிவிடக்கூடும். பாதைகளையும் குழாயையும் பலப்படுத்தக் கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்டு 2002 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 64 பேர் வேண்டும் என்றார்கள். தோற்றுப்போனது! இரண்டு வருடம் கழித்து 98 கோடி டாலராகக் குறைத்து மறுபடி கேட்டபோது 68 விழுக்காடு கிடைத்து நிறைவேறியது. குழாயின் உள்ளே எஃகு உறை பொருத்தியது, பெரிய பம்புகள் வைத்தது எல்லாம் அந்தத் திட்டத்தில் நடந்த வேலைகள். அந்த இரண்டு வருடத்தில் பெரிய நிலநடுக்கம் வரவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். விதி அப்போது யாரைப் பாதுகாத்தது, தம்பி? ‘வேண்டாம்’ என்ற 36 பேரின் பேச்சு 64 பேரின் பேச்சை வென்றது, அவ்வளவுதான்.

சியாட்டிலில் நடந்தது இதைவிட வருத்தம். 1968இல் ரயிலுக்கான பாண்டுக்குப் பாதிக்குச் சற்று மேல், 50.8 விழுக்காடு, ஆதரவு கிடைத்தது. தேவைப்பட்டது 60. 1970இல் மறுபடி கேட்டார்கள். போயிங்கில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம், ஆதரவு இன்னும் இறங்கிவிட்டது. சியாட்டிலுக்கென்று ஒதுக்கியிருந்த மத்திய அரசுப் பணம் அட்லாண்டாவின் ரயிலுக்குப் போனது. அட்லாண்டாவில் 1979இல் ரயில் ஓடியது. சியாட்டிலின் லைட் ரயில் 2009இல்தான் வந்தது. தொகை எத்தனை மடங்கு ஏறியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தடுத்தால் வரி மிச்சமாகும் என்பது அங்கே நடக்கவில்லை.

உங்கள் ஊருக்கு அடுத்த மில்பிடாஸைப் பாருங்கள். 1957இல் பார்ட் மாவட்டம் உருவானபோது அந்த ஊர் இருக்கும் சாண்டா கிளாரா கவுண்டி சேரவில்லை. மில்பிடாஸுக்கும் பெரியஸாவுக்கும் ரயில் வந்தது 2020 ஜூனில். அதற்காக 2008இல் கேட்ட விற்பனை வரிக்குத் தேவை 66.67 விழுக்காடு, கிடைத்தது 66.78. ஒரு கவுண்டியின் பயணமே இந்த முடியளவு வித்தியாசத்தில் தொங்கியது.

2024இல் பிராப் 5 என்ற பெயரில் வீட்டுவசதிக்கும் பொதுக் கட்டுமானத்துக்குமான பாண்டுகளுக்கு 55 விழுக்காடு போதும் என்று மாற்றக் கேட்டார்கள். மாநில வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். உங்கள் பக்கம்தான் ஆட்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட பாண்டுகளுக்கு 2000த்திலிருந்தே 55 விழுக்காடு போதும். அதனால் வீட்டுக்காரர்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை. ரயிலுக்கும் அதுவே போதும் என்பதுதான் என் கட்சி.

அதற்காக எந்த பாண்டு வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘வேண்டும்’ போடச் சொல்ல மாட்டேன். 1962இல் போட்ட கணக்கு போதாமல் 1969இல் அரை சென்ட் விற்பனை வரி கேட்க வேண்டிவந்தது. அது ஏழை வாங்கும் சட்டைக்கும் சேர்த்து விழுந்தது. வாக்காளர் கையேட்டில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்களா, வெளியார் குழு கணக்குப் பார்க்குமா என்று கேளுங்கள். நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி 2016இல் நிறைவேறிய 350 கோடி டாலர் பாண்டுக்குப் போவது. தேய்ந்த தண்டவாளமும் மின்கம்பியும் அதில் மாறுகின்றன. புதிய ரயில் பெட்டி வாங்கவோ ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கவோ சட்டப்படி அதிலிருந்து எடுக்க முடியாது. பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் குறைந்து பார்ட் திண்டாடுவது அந்த அன்றாடச் செலவுக்குத்தான், அதற்கு பாண்டு உதவாது. அதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா