தகவல் மேசையில் இருக்கும் மகளுக்கு எந்தப் பயிற்சி உதவும்?

"மகள் எம்.லிப். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் தொகுப்பூதியத்தில் தகவல் மேசையில் இருக்கிறாள். ஆன்லைனில் சான்றிதழ் மேல் சான்றிதழாக வாங்குகிறாள். இதனால் நிரந்தர வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழால் மட்டும் கிடைக்காது. உதவி நூலகர் பணிக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறை முக்கியமாகக் கேட்பது நூலக அறிவியல் முதுநிலையில் 55 விழுக்காடும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும்தான். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயருக்குள் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நெட்டில் நூலக அறிவியலின் பாட எண் 59. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். பயிற்சிச் சான்றிதழுக்கு விதியில் இடம் வருவது வேலையில் சேர்ந்த பிறகுதான். முதல் பதவி உயர்வுக்கு 21 நாள் அறிமுகப் (ஓரியன்டேஷன்) பயிற்சியும், நூலகத் தானியக்கம் சார்ந்து குறைந்தது 5 நாள் பயிற்சியும் கேட்பார்கள். ஒரு மணி நேர வெபினார் சான்றிதழ்களை அடுக்கி அந்த 5 நாளை ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் இப்போது பயிற்சியே வேண்டாமா என்றால், வேண்டும். மேசையில் தினமும் எது சறுக்குகிறதோ அதற்கான பயிற்சி வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது கேள்வியைப் புரிந்துகொள்வதில். ஒரு மாணவர் வந்து "ஹிஸ்டரி புக்ஸ் எங்கே இருக்கு?" என்கிறார். ஊழியர் இந்திய வரலாற்றுக்கான 954 எண் அலமாரியைக் கைகாட்டுகிறார். மாணவருக்கு வேண்டியதோ 1806 வேலூர் எழுச்சி. அரை மணி நேரம் தேடிவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார், திரும்பி வந்து கேட்கவும் மாட்டார். வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைவிடப் பெரிய தலைப்பைத்தான் முதலில் சொல்வார்கள். அதைச் சுருக்கி வாங்குவது ஒரு கைத்திறன், பழகினால் வரும். ஒன்று கவனிக்க வேண்டும்: நம் ஊரில் "எதுக்கு வேணும்?" என்றால் அதட்டுவதுபோல் ஒலிக்கும். "இதுல எந்தப் பகுதி பார்க்கிறீங்க?", "ஏற்கெனவே எதையாவது பார்த்தீங்களா?", "எப்போ கொடுக்கணும்?" என்ற மூன்றும் போதும். அனுப்பும்போது "கிடைக்கலைன்னா திரும்ப இங்கேயே வாங்க" என்று சொல்லவும் பழக வேண்டும்.

இதற்குச் செலவே இல்லை. ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடட்டும்: கேட்ட சொற்கள் அப்படியே, உண்மையில் வேண்டியது, எங்கே கிடைத்தது, எத்தனை நிமிடம், முடியாமல் யாரிடம் அனுப்பினாள். மாணவர் பெயர் எழுத வேண்டாம். முப்பது நாள் எழுதினால் திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரிந்துவிடும். வீட்டிலிருந்து ஆய்விதழ் திறக்கவில்லை என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். நூலகத்தின் ஆய்விதழ்களை வெளியிலிருந்து திறக்க உதவும் இன்ஃபெட் வழியாக நுழையத் தெரியாமல், கூகுளில் தேடி நேரே பதிப்பகத் தளத்துக்குப் போய் பணம் கேட்கிறதே என்று நிற்பார்கள். அந்த நுழைவுப் பாதையை வளாக வைஃபையை அணைத்துவிட்டுத் தன் மொபைல் டேட்டாவில் அவளே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். வளாகத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் தானாகத் திறக்கும், சிக்கலே கண்ணில் படாது.

அடுத்தது தமிழ்த் தேடல். இதை வெளியூர்ப் பயிற்சி எதுவும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. நூலாசிரியர் வரதராசன் ஒரு பதிவில் வரதராஜன் ஆகியிருப்பார், இன்னொன்றில் முன்னெழுத்தோடு சேர்ந்து நிற்பார். ரோமன் எழுத்தில் ஏற்றிய பட்டியல்களில் சிலப்பதிகாரத்தை ஆங்கில 'S' போட்டுத் தேடினால் வராது, 'C' போட்டால் வரும். இதைப் பழக வீட்டு மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் போட்டு, அதில் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளை நிறுவி, ஐம்பது தமிழ் நூல்களை மார்க் 21 என்ற நூற்பட்டியல் முறையில் பதிந்து பார்க்கட்டும். தலைப்பு 245ஆம் புலத்தில், தலைப்பின் மாற்று வடிவம் 246இல். 246ஐக் காலியாக விட்டால் தேடுகிறவருக்கு என்ன ஆகும் என்று இரண்டே நாளில் புரிந்துவிடும். நேர்காணலில் "கோஹா தெரியுமா?" என்று கேட்டால் சான்றிதழ் நீட்டுவதற்குப் பதில் செய்ததைச் சொல்லலாம்.

புரொஜெக்டரில் ஒருவர் காட்ட மற்றவர்கள் பார்க்கும் பயிற்சி ஒரு வாரம்கூட மனதில் நிற்காது. தரவுதள நிறுவனத்தார் நடத்துவதற்குப் போகலாம், ஆனால் தங்கள் சரக்கைத்தான் காட்டுவார்கள். அதே கேள்வியை இன்னொரு தளத்திலும் தேடிப் பார்க்கும் வேலை அவளுடையது. தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேட்கச் சொல்லுங்கள்: ஆளுக்கொரு கணினி உண்டா? நாம் கொண்டுவரும் கேள்விகளை வைத்துச் செய்யலாமா?

பழைய அறிவும் ஆபத்துதான். தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசியே கைவிட்டுவிட்டது. இன்னும் அதைப் பார்த்து "இது நல்ல ஜர்னல்" என்று சொன்னால் ஆராய்ச்சி மாணவருக்குத்தான் நட்டம். கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிட மத்திய அரசு 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா'வில் சுமார் 13,000 இதழ்கள் உள்ளன. தன் பல்கலைக்கழகத்துக்கு எவை திறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோளோடு வருகிறவர்களும் உண்டு. அந்த இதழ் இருக்கும், ஆசிரியரும் இருப்பார், கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைப் போட்டு, அந்தத் தொகுதியின் பக்க எண்களையும் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்ல வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை இரண்டு மணி நேரம் நெட்டுக்கு, வாரத்தில் ஒரு நாள் கோஹாவுக்கு. நோட்டு வேலை பணி நேரத்திலேயே முடிந்துவிடும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் "நூலகப் பணி" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் ஏற்க வேண்டாம். தகவல் மேசை, மின்வளப் பயன்பாட்டு உதவி, பயனர் பயிற்சி என்று பிரித்து, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் போட்டு, பதிவாளர் முத்திரையோடு வேண்டும்.