அமெரிக்க அதிபர் வேட்பாளர் தன் துணை வேட்பாளரைச் சொந்த மாநில ஓட்டுக்காகத் தேர்ந்தெடுக்கலாமா?

அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. துணை வேட்பாளர்களாக நின்றவர்களில், 2004-இல் ஜான் எட்வர்ட்ஸின் வட கரோலினாவும் 2012-இல் பால் ரயனின் விஸ்கான்சினும் கைகொடுக்கவில்லை.

முதலில் துருவ வேண்டியது பின்னணியை: பல வருட வருமான வரிக் கணக்கு, வழக்குகள், மருத்துவப் பதிவுகள். 1972-இல் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் அவசர அவசரமாக ஈகிள்டனைத் துணை வேட்பாளராக அறிவித்தார். மன அழுத்தத்துக்கு ஈகிள்டன் மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்தது பிறகுதான் வெளிவந்தது. 18 நாளில் விலகினார். நோயைவிட, அதைச் சொல்லாமல் விட்டதுதான் கெடுத்தது.

துணை வேட்பாளர் செனட்டர் (மேலவை உறுப்பினர்) என்றால், ஜெயித்ததும் அவர் இடம் காலியாகும். பல மாநிலங்களில் ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை நியமிப்பார். அந்த ஆளுநர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் ஒரு சீட் கைமாறலாம்.

இருவரும் ஒரே மாநிலமா? அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தப்படி அம்மாநிலத் தேர்வாளர்கள் (அதிபரையும் துணை அதிபரையும் முறைப்படி தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) இருவருக்கும் ஓட்டுப் போட முடியாது. டெக்சாஸ்காரரான புஷ்ஷின் துணை வேட்பாளர், டெக்சாஸிலேயே இருந்த டிக் செனி, 2000-இல் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றியது இதனால்தான். அவருக்குக் கிடைத்த 271 தேர்வாளர் ஓட்டில் டெக்சாஸின் பங்கு 32.