மின்சூளை கன்ட்ரோலரில் 80 என்று போட்டால் அது எதைக் குறிக்கும்?

கேள்வி: "அக்கா, கோபி பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஆறு மாதமாகக் குவளை, தட்டு செய்து வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பழைய மின்சூளை வாங்கினேன். மூன்று ஃபேஸ், 1300 டிகிரி வரை போகும், புரோகிராம் போடும் கன்ட்ரோலர் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த அட்டவணையைப் பார்த்து, பிஸ்க் (பூச்சுக்கு முந்தைய முதல் சுடுதல்) சுட 60–120, 80–600, 150–1000 என்று போட்டேன். பாதிக் குவளைகள் வெடித்துவிட்டன. தப்பியதற்குக் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூசி 100–600, 180–1100, 60–1220, கடைசியில் 15 நிமிடம் நிறுத்தம் என்று போட்டேன். 1165 காட்டும்போதே 'எண்ட்' என்று வந்து நின்றுவிட்டது. கிளேஸ் உருகாமல் சொரசொரவென்று இருக்கிறது, இரண்டு தட்டு விரிசல். சூளையை விற்றவர் மண் சரியில்லை என்கிறார். கன்ட்ரோலரை மாற்றட்டுங்களா?"

பதில்: மாற்ற வேண்டாம். மண் மீதும் பழி போட வேண்டாம். உங்கள் எண்களைப் படித்ததுமே என் கண் போய் நின்ற இடம் அந்த 80.

மண்பாண்டம் செய்பவர்கள் எழுதும் அட்டவணையில் 80–600 என்றால், மணிக்கு 80 டிகிரி வேகத்தில் 600 வரை ஏற்று என்று பொருள். பாண்டத்துக்கென்றே செய்த வெளிநாட்டுச் சூளைகளின் கன்ட்ரோலர் பலவும் வேகத்தைத்தான் கேட்கும். நம் பக்கத்தில் உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளுக்கு உலை செய்பவர்கள் மாட்டித் தரும், பிஐடி எனப்படும் பொதுவான வெப்பக் கன்ட்ரோலர்களில் நிறைய, வேகத்தைக் கேட்பதே இல்லை. எந்த வெப்பநிலை, எத்தனை நிமிடத்தில் என்றுதான் கேட்கும். அதில் 80 என்றால் 80 நிமிடம். 120-லிருந்து 600-க்கு 480 டிகிரி. ஆறு மணி நேரத்தில் ஏற வேண்டியதை 80 நிமிடத்தில், அதாவது நிமிடத்துக்கு 6 டிகிரியாக ஏற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் 120 வரைக்கும் ஒரே மணி நேரம். குவளைக்குள் மிச்சமிருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி கிடைக்காமல் சுவரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இது என் ஊகம்தான். உறுதி செய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது. சூளையைக் காலியாக, ஆறிய நிலையில் வையுங்கள். ஒரே ஒரு படி: இலக்கு 100, அதற்கான எண் 20. ஓட விட்டுவிட்டு, திரையில் எஸ்வி என்று வரும் எண்ணை, அதாவது கன்ட்ரோலர் அந்த நொடியில் கேட்கும் வெப்பநிலையைப் பாருங்கள். 30-ல் தொடங்கி ஆறு நிமிடம் கழித்து 32 என்றால் அது மணிக்கு இத்தனை டிகிரி என்ற வகை. 51 என்றால் நிமிடக் கணக்கு. ஆறு நிமிடத்துக்கு முன்பே 100-ஐத் தொட்டு நின்றால் நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்ற வகை. பழைய சூளையோடு கையேடு கிடைப்பது அபூர்வம், அதனால் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உங்களுடையது நிமிடக் கணக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த வகையில் பெரும்பாலும் சி என்ற எழுத்தில் ஒரு வெப்பநிலை, டி என்ற எழுத்தில் ஒரு நேரம் என்று மாறி மாறி வரும். முதல் சி என்பது தொடங்கும் வெப்பநிலை, இலக்கு அல்ல. முதல் டி என்பது அங்கிருந்து இரண்டாவது சி-க்குப் போக எடுக்கும் நிமிடம். ஓரிடத்தில் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் அதே வெப்பநிலையை அடுத்த சி-யிலும் எழுத வேண்டும். கணக்கு எப்போதும் ஒன்றே: ஏற வேண்டிய டிகிரியை மணி வேகத்தால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்.

பிஸ்க்குக்கு நான் போடுவது இது. 30-லிருந்து 95-க்கு 130 நிமிடம், மணிக்கு 30 டிகிரி. 95-லேயே 120 நிமிடம் நிறுத்தம். தண்ணீர் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே நிற்பதால் ஈரம் கொதிக்காமல் மெதுவாகக் கிளம்பிவிடும். அங்கிருந்து 250-க்கு 155 நிமிடம். 250-லிருந்து 600-க்கு 265 நிமிடம். இந்த இடத்தில் அவசரம் கூடாது. வெயிலில் எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் களிமண்ணின் உடலோடு வேதியியலாகப் பிணைந்த நீர் ஒன்று உண்டு, அது 450-லிருந்து 600-க்குள்தான் விட்டுப் போகும். 573-ல் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் தன் உருவத்தை மாற்றிச் சட்டென்று விரியும். அப்புறம் 900-க்கு 150 நிமிடம், அங்கே 30 நிமிடம் நிறுத்தம். மண்ணில் இருக்கும் வேர், சருகுத் தூள் போன்ற கரி இந்தப் பகுதியில்தான் எரிந்து போக வேண்டும். போகாவிட்டால் கிளேஸில் ஊசித்துளையாக வந்து நிற்கும். அதுவரை மேல் துளை திறந்தே இருக்கட்டும், அறைக் கதவு சன்னலும் கூட. வருகிற புகை நல்லதல்ல. கடைசியாக 1000-க்கு 75 நிமிடம், 10 நிமிடம் நிறுத்தம். மொத்தம் 15 மணி 35 நிமிடம். நீளம்தான். ஒரு மாதம் உட்கார்ந்து செய்த குவளைகளுக்கு ஒரு பகல் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருந்ததில்லை.

புரோகிராம் சரியாக இருந்தும் வெடித்தால் குவளை போதுமான அளவு காயவில்லை. ஆடிக் காற்றில் விளிம்பு ஒரே நாளில் காய்ந்துவிடும், அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. குவளையின் அடியைக் கன்னத்தில் வையுங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. ஐப்பசி மழையில் 95 டிகிரி நிறுத்தத்தை நான்கு மணி நேரமாக்கிக்கொள்வேன். மேல் துளையருகே ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினால் பனி படியும். படிவது நின்ற பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும்.

இனி கிளேஸ். 1100-லிருந்து 1220-க்கு மணிக்கு 60 வேகம் என்றால் 120 நிமிடம் வேண்டும், நீங்கள் கொடுத்தது 60. அதற்கு முந்தைய படியிலேயே சூளை பின்தங்கியிருக்கலாம். ஆனால் கன்ட்ரோலரின் கடிகாரம் சூளைக்காக நிற்காது. நேரம் ஓடியது, 15 நிமிட நிறுத்தமும் முடிந்தது, அப்போது சூளை இருந்த இடம் 1165. கன்ட்ரோலரைப் பொறுத்தவரை வேலை ஆயிற்று. இதற்கென்றே பல கன்ட்ரோலர்களில் ஒரு வசதி உண்டு. ஹோல்டுபேக், வெயிட், கேரண்டீட் சோக் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். கேட்ட வெப்பநிலைக்கும் உண்மை வெப்பநிலைக்கும் இடைவெளி கூடினால் கடிகாரத்தை நிறுத்தி, சூளை வந்து சேர்ந்ததும் மீண்டும் ஓட்டும். அதை 10 டிகிரியில் வையுங்கள். உங்களுடைய கன்ட்ரோலரில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய சூளைக்கு இதைவிட முக்கியமான அமைப்பு வேறில்லை.

கிளேஸ் புரோகிராம்: 600-க்கு 230 நிமிடம், 1100-க்கு 200 நிமிடம், 1220-க்கு 120 நிமிடம், 15 நிமிடம் நிறுத்தம். ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

சூளை ஏன் பின்தங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சூளைக்குச் சூடு தரும் எலிமென்ட் கம்பியின் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஃபேஸுக்கு 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், குறைவது 13 சதவீதம் போலத் தெரியும், ஆனால் சூட்டில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். அக்கம்பக்கத்தில் மோட்டாரும் தறியும் ஓடும் நேரத்தில் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை வோல்டேஜை அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், கடைசி 120 டிகிரி இரவில் வரும்படி தொடங்கும் நேரத்தைத் தள்ளி வையுங்கள். கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் ஒரு எலிமென்ட் போயிருக்கிறது, புரோகிராமால் அதைச் சரிக்கட்ட முடியாது.

பழைய சூளையில் நான் நம்பாத இன்னொரு பொருள் தெர்மோகப்பிள், அதாவது சூளைக்குள் நீட்டிக்கொண்டு சூட்டை அளக்கும் கம்பி. கன்ட்ரோலருக்குக் கண் அது ஒன்றுதான். கே வகையா, எஸ் வகையா என்பதைக் கன்ட்ரோலருக்குள் நாம் சொல்லிவைக்க வேண்டும். 1200-க்கு மேல் அடிக்கடி போகும் சூளையில் பிளாட்டின எஸ் வகை போட்டிருப்பார்கள். கன்ட்ரோலர் கே என்ற அமைப்பில் இருந்தால், உள்ளே 1000 டிகிரி இருக்கும்போது திரை 260 போலக் காட்டும், மேலும் மேலும் சூடேற்றிக்கொண்டே போகும். ஆறிய சூளையில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. இரண்டு அமைப்பிலும் அறை வெப்பநிலையைச் சரியாகக் காட்டும். அதனால் முதல் முறை ஓட்டும்போது அறையை இருட்டாக்கிவிட்டு, எட்டிப் பார்க்கும் துளை வழியே பாருங்கள். 600 அருகே மங்கிய சிவப்பு தெரியும். 200 என்று காட்டும்போதே சிவப்பு தெரிந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் எடுத்த கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளைச் சுட்டவர்களுக்குக் கண்தான் மீட்டர். நமக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

தெர்மோகப்பிளிலிருந்து கன்ட்ரோலர் வரை போகும் வயரும் அந்த வகைக்குரிய காம்பன்சேட்டிங் கேபிளாகவே இருக்க வேண்டும். பழைய சூளையில் யாராவது சாதாரணச் செம்பு வயரால் ஒட்டுப் போட்டிருப்பார்கள். சூளை ஓரத்து இணைப்பு 70 டிகிரி, கன்ட்ரோலர் இருக்கும் இடம் 30 டிகிரி என்றால், கே வகையில் திரை ஏறக்குறைய 40 டிகிரி குறைத்துக் காட்டும். 1220 என்று நீங்கள் நினைக்கும்போது உள்ளே 1260.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் திரையில் வரும் எண் சூடு மட்டுமே, வேக்காடு அல்ல. கவுந்தப்பாடிப் பக்கம் சர்க்கரை காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாகு எத்தனை டிகிரி என்று யாரும் கேட்பதில்லை, பதம் வந்ததா என்று பார்க்கிறார்கள். பாண்டத்துக்கும் பதம் உண்டு. அது சூடும் நேரமும் சேர்ந்தது. அதைக் காட்டுவதற்குத்தான் கோன், அதாவது பதம் வந்ததும் வளைந்துவிடும் சிறு கூம்பு. கடைசி நூறு டிகிரியை மணிக்கு 60 வேகத்தில் ஏற்றினால் ஆர்ட்டன் கம்பெனியின் 6-ஆம் எண் கோன் வளைவது 1222 அருகே. 150 வேகத்தில் போனால் அதே கோன் 1243 வரை நிமிர்ந்து நிற்கும். 15 வேகத்தில் ஊர்ந்து போனால் 1185-லேயே வளைந்துவிடும். ஆகவே "1220-க்குச் சுட்டேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள்.

தட்டு விரிசலுக்கு வருகிறேன். விரிசல் ஓரத்தைக் கையால் தடவுங்கள். உங்கள் கிளேஸ் உருகவில்லை என்பதால் இம்முறை தெளிவாகத் தெரியாது, அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள். கிளேஸ் உருகி ஓரம் மழுங்கியிருந்தால் ஏறும்போது, அல்லது அதற்கும் முன்னால் விழுந்த விரிசல். கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருந்தால் ஆறும்போது விழுந்தது. இறங்கும்போதும் 573 வரும், சில மண்ணில் 220 அருகே இன்னொரு சுருக்கமும் வரும். 250-ல் மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. நூறுக்குக் கீழே வரும் வரை தொடாதீர்கள்.

மின்வெட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கரண்ட் போய் வந்ததும் என்ன செய்வது என்று கன்ட்ரோலரில் ஒரு அமைப்பு இருக்கும்: முதலிலிருந்து தொடங்கு, விட்ட இடத்திலிருந்து தொடர், நின்றுவிடு. விட்ட இடத்திலிருந்து தொடர் என்று, ஹோல்டுபேக்கோடு சேர்த்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும், அன்று சூளை வேண்டாம்.

எஸ்எஸ்ஆர் என்ற மின்னணு சுவிட்ச் கெட்டால் பெரும்பாலும் கரண்ட் ஓடும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் "போதும்" என்று சொன்னாலும் எலிமென்ட் எரிந்துகொண்டிருக்கும். எனக்கே ஒரு முறை நடந்தது. புரோகிராம் முடிந்திருக்கும் என்று நம்பித் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் நாற்பது குவளைகள் பலகையோடு பலகையாக ஒட்டிக்கிடந்தன. அன்றிலிருந்து தனித் தெர்மோகப்பிளோடு இரண்டாவது மீட்டர் ஒன்று, 1250 தாண்டினால் மெயின் கான்டாக்டரை விடுவித்துக் கரண்டைத் துண்டிக்கும்படி மாட்டியிருக்கிறேன். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அரை நாள் வேலை. அது வரும் வரை கடைசி இரண்டு மணி நேரம் சூளைக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

முதலில் அந்த 20 எண் சோதனை. பிறகு பிஸ்க்கை உடைந்தாலும் பரவாயில்லை என்ற நான்கு குவளைகளோடு போடுங்கள். கிளேஸ் சுடும்போது மேல், நடு, கீழ் என்று மூன்று பலகையிலும் கோன் 5, 6, 7 வரிசையாக வைத்து, ஆறியதும் படம் எடுத்து அனுப்புங்கள், கண்ணு. எது எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்து, 1220 என்பதை எத்தனை டிகிரி மாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன்.