எல்லாவற்றிலும் கொஞ்சம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இளநிலை வணிக நிர்வாகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீக்கிரமே சிறப்புப் பிரிவைச் சொல்லியாக வேண்டும். எனக்கு எல்லாத் துறையிலும் கொஞ்சம் படிக்கும் பொது வணிகம் எடுக்க ஆசை. நண்பர்கள் நிதி, சந்தைப்படுத்தல் என்று போகிறார்கள். "முடிவெடுக்கத் தெரியாதவர்கள் எடுக்கும் பிரிவு அது" என்று கிண்டல் வேறு. நீங்களும் வணிகம் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

நான் படித்ததும் பொது வணிகம்தான். அந்தக் கிண்டலையும் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை.

எந்தப் பிரிவு எடுத்தாலும் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம் எல்லாருக்கும் பொதுதான். சிறப்புப் பிரிவு என்று தனியாக வருவது பெரும்பாலும் ஐந்தாறு பாடங்கள். இதற்குப் போய் இத்தனை கிண்டல்! அமெரிக்க வணிகக் கல்லூரிகள் படிப்பைத் துண்டு துண்டாக நறுக்குவதை 1959-லேயே இரண்டு அறிக்கைகள் காய்ச்சி எடுத்தன. ஒன்று ஃபோர்டு அறக்கட்டளை ஆதரவில் வந்தது, இன்னொன்று கார்னகி ஆதரவில்.

ஒரு நிறுவனம் 80-க்கு வாங்கிய சரக்கை 100-க்கு விற்கிறது என்று வையுங்கள். வாடிக்கையாளருக்கு 90 நாள் தவணை. சரக்கு கொடுத்தவருக்கோ 30 நாளில் பணம் கட்ட வேண்டும். ஏட்டில் 20 லாபம், முப்பதாம் நாள் கையில் காசில்லை. விற்பனை கூடக் கூட இந்தப் பள்ளமும் பெரிதாகும். விற்பனைப் பிரிவு கொண்டாடிக்கொண்டிருக்கும். நிதிப் பிரிவு தவணை கொடுப்பதை நிறுத்து என்னும். நிறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். சீக்கிரம் கட்டுபவருக்குத் தள்ளுபடி தரலாமா, சரக்கு கொடுப்பவரிடம் கூடுதல் தவணை கேட்கலாமா என்று யோசிக்க இரு தரப்பின் பேச்சும் புரிய வேண்டும். பொது வணிகம் படித்தவருக்கு அங்கேதான் வேலை.

சரி, அந்தப் பாதி உண்மை. நான் எல்லாத் துறையிலும் அறிமுகப் பாடத்தோடு நின்றுவிட்டேன். முதல் வேலையில் ஒருநாள் இருப்பாய்வில் (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) பற்றுக்கும் வரவுக்கும் 90 வித்தியாசம். இரண்டு மணி நேரம் தேடினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "9-ஆல் வகுபடுகிறதே, எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்கும்" என்றார். 540 என்பதை 450 என்று எழுதியிருந்தேன்! அவர் கணக்கியலில் ஊறியவர்.

அதனால் பொது வணிகமே எடுங்கள். ஆனால் விருப்பப் பாடங்களைத் துறைக்கொன்றாகச் சிதறவிடாமல், ஒரே துறையில் அடுத்தடுத்த நிலைப் பாடங்களாக எடுங்கள். என்னைக் கேட்டால் கணக்கியல் அல்லது புள்ளியியல். மேலாண்மையை வேலையில் சேர்ந்தபின் பட்டே கற்றுக்கொள்ளலாம் (மேலாண்மைப் பேராசிரியர்கள் மன்னிக்க). தணிக்கையாளர் ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே கணக்கியல் பிரிவுக்கு மாறிவிடுங்கள். அந்த உரிமத்துக்குப் பல நாடுகளில் இன்னின்ன கணக்கியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

அப்புறம், நேர்காணலில் "ஏன் பொது வணிகம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "எல்லாம் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன், வேலை கிடைக்கவில்லை.