காலையில் முதல் ஸ்டார்ட்டில் டீசல் காரிலிருந்து வெள்ளைப் புகை வருகிறதே, என்ஜின் போய்விட்டதா?

போகவில்லை. ஒரு நிமிடத்தில் புகை அடங்கி, அப்புறம் நாள் முழுக்க வரவில்லை என்றால் முதலில் குளோ பிளக்கைப் பாருங்கள், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் சின்ன மின்கம்பியை. என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில் இருக்கிறேன். இங்கே விடியற்காலை 17 டிகிரி என்பது சாதாரணம். போன மழைக்காலத்தில் என் பழைய டீசல் வண்டி நாலைந்து தடவை இருமிவிட்டுத்தான் பிடிக்கும். புகையில் கண் எரியும். பக்கத்து வீட்டு அக்கா கொடியில் போட்ட துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். பானட்டைக்கூடத் திறக்காமல், "ஓவர்ஹால், நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்)" என்றார்கள். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் அப்பா கொழுந்து லாரி ஓட்டியவர். "சுருள் விளக்கு அணையட்டும், அப்புறம் சாவியைத் திருப்புடா" என்பார். டாஷ்போர்டில் சுருள் வடிவில் எரியும் அந்த விளக்கு அணைந்தால் குளோ பிளக் சூடாகிவிட்டது என்று அர்த்தம். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டில்தான் பற்ற வேண்டும். சிலிண்டர் சில்லிட்டிருந்தால் எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியே வரும். நானே நாலு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும். இரண்டு ஒன்றுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நாலையும் மாற்ற 200 வெள்ளிகூட ஆகவில்லை. பழைய பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், முறிந்து ஹெட்டுக்குள் (என்ஜினின் மேல்பகுதிக்குள்) மாட்டிக்கொள்ளும்.

காமன் ரெயில் வண்டிக்கு, அதாவது கணினி கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசலைப் பாய்ச்சும் புதிய வகை என்ஜினுக்கு, இது பொருந்தாது என்று சிலர் வருவார்கள். நான் சொல்வது பழைய என்ஜின்களைப் பற்றி. டீசல் வண்டியே வைத்திருக்கக் கூடாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பள்ளி விடுமுறையில் மலைக்கு வரும் கார்கள் ஏர்கான் போட்டபடி எங்கள் சாலையில் மணிக்கணக்கில் நிற்கின்றன. நோயாளியை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே உள்ள தாப்பா நகரத்துக்கு இறங்க முடியாமல் நாங்கள் தவித்திருக்கிறோம். அந்தப் புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2024 ஜூன் 10 முதல் லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசு கொடுத்து டீசல் ஊற்றியவர்கள் நாங்கள். வேறு வண்டி வாங்க வசதி இருந்தால் வாங்கியிருக்க மாட்டோமா?

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) பழுதாக இருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல், இழுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.