கரை எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

நான் வட சென்னையில், தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. இந்தக் கோடை விடுமுறையை வாசிப்புக்கென்றே ஒதுக்கி, இதுவரை பதினொரு புத்தகங்களை முடித்திருக்கிறேன். ஏழு துப்பறியும் நாவல்கள், நான்கு இயற்கை நூல்கள். அடுத்து பட்டினத்தார் பாடல்களையும் திருவருட்பாவையும் எடுத்தேன். இருபது பக்கங்களுக்கு மேல் செல்ல முடியவில்லை. துப்பறியும் நாவல் வாசிப்பது காலத்தை வீணாக்குவது என்று சக ஆசிரியை ஒருவர் சொல்கிறார். இயற்கை நூல்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. எங்கள் பகுதியில் லாரியும் புகையும் தவிரப் பார்ப்பதற்கு இயற்கை என்று எதுவும் இல்லை. ஆகவே புத்தகத்திலாவது காட்டையும் மலையையும் பார்த்துக்கொள்கிறேன். ஆன்மிக நூல்களுக்குள் நுழைய எந்த உரையை வாங்கலாம்? இந்த மூன்று வகைகளையும் எந்த வரிசையில் வாசித்தால் மனம் உயரும்? பத்து நூல்களின் பட்டியல் ஒன்று தந்தால் விடுமுறை முடிவதற்குள் வாசித்துவிடுவேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை முதல் முறை மகிழ்ச்சியோடு வாசித்தேன். பள்ளிப் பணியின் களைப்புக்கு நடுவே விடுமுறையைப் புத்தகங்களுக்குக் கொடுக்கும் ஒருவரை எண்ணி நெஞ்சு நிறைந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். நான்கு நாட்களாகியும் அந்த வரியிலிருந்து நகர முடியவில்லை. அதற்கு வருவேன்.

சக ஆசிரியை சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர்களை நாவல் வாசிக்கப் பழக்கியவர்களில் ஆரணி குப்புசாமி முதலியாருக்கும் வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கும் பெரிய இடம் உண்டு. இருவரும் எழுதிக் குவித்தவற்றில் மர்மமும் துப்பும் இல்லாத பக்கங்கள் குறைவு. ஆங்கிலத்தில் செஸ்டர்டன் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரையே துப்பறிவாளராகப் படைத்தார். பாவமன்னிப்புக் கேட்க வருகிறவர்களின் வாயிலிருந்து மனிதமனத்தின் இருட்டையெல்லாம் அறிந்துகொண்ட அந்தப் பாதிரியார், கொலைகாரனாகவே உள்ளுக்குள் மாறிப் பார்த்துத்தான் அவனைக் கண்டுபிடிப்பதாகச் சொல்கிறார். துப்பறியும் நூலை ஓர் அலமாரியிலும் ஆன்மிக நூலை வேறொரு அலமாரியிலும் வைத்துப் பூட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

பட்டியல் தரமாட்டேன். எண்ணிக்கையை முடிப்பதற்காகப் புரட்டப்படும் பக்கம் எதையும் தராது. எந்த வரிசையில் வாசித்தால் மனம் உயரும் என்ற கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே கூடாது. மனம் மாடிப்படி அன்று.

இனி அந்த வரி. "எங்கள் பகுதியில் பார்ப்பதற்கு இயற்கை என்று எதுவும் இல்லை."

ம., இந்த வரியை நீங்கள் எப்படி எழுதினீர்கள்? தண்டையார்பேட்டையிலிருந்து கிழக்கே நடந்தால் அரைமணி நேரத்துக்குள் வங்கக் கடல் வந்துவிடும். கடல் இயற்கையாகாதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நீங்கள் இதே வரியை வகுப்பறையில் சொன்னால், அந்தப் பிள்ளைகள் தம் வீட்டுவாசலை வாழ்நாள் முழுவதும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்; அந்தக் கோபத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காசிமேட்டில் கருவாடு வாங்கிக் கூடையில் சுமந்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். எழுபதுகளின் கோடை இரவுகளில், எங்கள் குப்பத்தில் மின்விசிறி என்பதே இல்லாத காலத்தில், வீட்டுவாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்து, என்னை மர்ம நாவல் வாசிக்கச் சொல்வார். வாடகை நூல்நிலையத்துப் புத்தகங்கள் அவை. பலர் கைபட்டு ஓரம் சுருண்டு, எண்ணெய்க்கறை ஏறி, சாக்குத் தைக்கும் சணல் நூலால் தைக்கப்பட்டிருக்கும். நான் வாசிக்க வாசிக்க அத்தை முறத்தில் நெத்திலியைப் பரப்பி, மணலை உதறி, தலை உடைந்ததைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருப்பார். கதையில் கத்தி பாய்ந்தாலும் அந்த விரல்கள் நிற்பதில்லை.

ஓரிரவு நின்றன. பெயர் நினைவில்லாத ஒரு நாவல். வைகாசி மாதத்து நள்ளிரவில் ராயபுரத்துக்கு நேரே படகிலிருந்து ஒரு வியாபாரியைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். விடியற்காலையில் அவர் உடல் சாந்தோம் மாதா கோயிலுக்கு எதிரே கரை ஒதுங்குகிறது. அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "நிறுத்துடா. வைகாசில ராயபுரத்தாண்ட போட்ட பொணம் எப்பிட்றா சாந்தோமுக்குப் போவும்? எண்ணூரு பக்கந்தான் ஒதுங்கும். ஐப்பசிக்கு அப்பால போட்டிருந்தான்னா சரி. இத்த எய்தினவன் கடலப் பாத்ததே இல்ல."

ராயபுரத்துக்கு வடக்கே எண்ணூர், தெற்கே சாந்தோம். அதன்பிறகு அத்தை சொன்னதுதான் நான் கற்ற முதல் இயற்கைப் பாடம். பங்குனிக்குப் பிறகு தெற்கத்திக் காற்று நிலைத்ததும் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும்; வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். வலை விடுகிறவன் இதை அறியாவிட்டால் வலை போய்விடும். அந்த நாவலாசிரியர் பிழை செய்திருந்தார்; அத்தையோ அதைப் பிழை என்று சொன்னதோடு விட்டுவிடவில்லை. பிணம் சாந்தோமில் கிடந்தால் ராயபுரத்தில் தள்ளியதாகச் சொன்னவன் பொய் சொல்கிறான், அவனைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்று அவரே ஒரு முடிவைக் கட்டினார். அச்சிட்ட முடிவைவிட அது எவ்வளவோ மேலானது.

இந்த நீரோட்டத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், வட சென்னையின் மிகப் பெரிய மர்மக் கதை இதில்தான் இருக்கிறது. நீரோட்டம் தண்ணீரை மட்டுமன்றி மணலையும் சுமந்து செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஓட்டம் வடக்கு நோக்கியே இருப்பதால், இந்தக் கரையில் மொத்தத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்கிறது. ஓரிடத்தில் அலை அரித்துக்கொண்டு போவதைத் தெற்கிலிருந்து வரும் மணல் ஈடுசெய்துவிடும். ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகள் அலையைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரின் தெற்குப் பக்கத்தில் தடைபட்டு நின்றது. கிழக்கு நோக்கி வைத்த துறைமுக வாயிலே மணலால் தூர்ந்துபோக, பின்னாளில் அதை மூடிவிட்டு வடகிழக்கில் வாயில் வைக்க வேண்டியிருந்தது.

தெற்கே நின்ற மணல் ஆண்டுதோறும் சேர்ந்து மெரினாவாக விரிந்தது. சாலையை ஒட்டி அலையடித்த இடத்தில் இன்று அலையைத் தொட மூச்சுவாங்க நடக்க வேண்டும். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளுக்கு மணல் வருவது நின்றது. அரிப்பு மட்டும் நிற்கவில்லை. அத்தை திருமணமாகி வந்தபோது எங்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது வரிசை. நான் நாவல் வாசித்த ஆண்டுகளில் முதல் வரிசை. கட்டுமரம் ஏற்றி வைத்த மணல்திட்டு, வலை உலர்த்திய இடம், தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறிய கிணறு, எங்கள் அம்மன் கோயிலின் வேம்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. பிறகு கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். கல் விழுந்த இடம் தப்பியது, அதற்கு வடக்கே இருந்த குப்பம் அரித்தது. "ஆர்பர் கட்டினதிலேர்ந்து மண்ணு அங்கியே நின்னுபூட்ச்சு" என்று அத்தை சொன்னதைத்தான் பின்னாளில் பொறியியல் நூல்களில் நான் பக்கம் பக்கமாக வாசித்தேன்.

நீங்கள் ஏழு துப்பறியும் நாவல்களை முடித்தவர். உங்கள் வாசலிலிருந்து ஒரு கரையே காணாமற்போயிருக்கிறது. அது எங்கே போயிற்று என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

காட்டுக்கும் மலைக்கும் போனால்தான் இயற்கை நூல் எழுத முடியும் என்பதும் பொய். கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற தன் சிற்றூரைத் திரும்பத் திரும்பப் பார்த்தே ஒரு பெரும் நூலை எழுதினார். 1789இல் வெளிவந்த அது இன்றும் அச்சில் இருக்கிறது. அதுவும் நீங்களும் நானும் எழுதிக்கொள்வதுபோல, நண்பர் இருவருக்கு எழுதிய கடிதங்களின் வடிவில். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த மூன்று சிறு குருவிகளை, அவற்றின் குரலைக் கேட்டே மூன்று இனங்கள் என்று பிரித்தறிந்தவர் அவர். நம் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். 1996இல் அவர் மறைந்த நாளன்றும் அது வெளிவந்திருந்தது. யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதினார். உங்கள் பள்ளி மதிலில் அணில் இல்லையா?

புகையும் லாரியும் இருப்பது உண்மை. அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கருத்து நின்றதை நான் நேரில் பார்த்தேன். பறவை அலகால் இறகைக் கோதுகிறது, அலகும் கருக்கிறது, மீண்டும் கோதுகிறது. அந்தக் கழிமுகத்தில் கூழைக்கடா உண்டு என்பதையே அன்றுதான் நம் நகரத்தில் பலர் அறிந்தார்கள். இங்கே எதுவும் இல்லை என்று நாம் சொல்லச் சொல்ல, எதையும் இங்கே கொட்டலாம் என்பது எளிதாகிவிடுகிறது. உங்கள் வரி என்னை இவ்வளவு சுட்டதற்குக் காரணம் இதுதான்.

இருபது பக்கத்தோடு நின்ற பட்டினத்தாருக்கு வருகிறேன். உரை எதையும் இப்போது வாங்க வேண்டாம். அவருடைய சமாதிக்கோயில் உங்கள் வீட்டுக்கு வடக்கே, திருவொற்றியூரில், கடலை ஒட்டி இருக்கிறது. கடல்வணிகம் செய்து பெரும் பொருள் ஈட்டியவர் என்கிறது மரபு. காதற்ற ஊசிகூடக் கடைசி வழிக்குத் துணை வராது என்ற ஓலையைக் கண்டு அத்தனையையும் விட்டு இறங்கியவர். பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கேயே தங்குவது என்று ஊரூராகச் சுற்றி, அது இனித்த திருவொற்றியூரில் நின்றார். இக்கரையில் சிறுவர்களோடு விளையாடி, தன்னைக் கூடையால் மூடச் சொல்லி, மறைந்து வேறிடத்தில் தோன்றி, கடைசி முறை அவர்கள் கூடையை எடுத்துப் பார்த்தபோது லிங்கமாக இருந்தார் என்று சொல்கிறார்கள். மர்மக் கதைகளில் பழகிய உங்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. கூடைக்குள் இருந்தவர் எங்கே போனார் என்று அந்தப் பிள்ளைகள் தேடியிருப்பார்கள் அல்லவா, அந்தத் தவிப்போடு பாடல்களைத் திறந்து பாருங்கள். இருபதாம் பக்கத்தில் நிற்கமாட்டீர்கள்.

திருவருட்பாவுக்கும் இதே வழிதான். அதைப் பாடிய இராமலிங்கர், வள்ளலார், சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்தார். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வந்தார். அவர் சென்னையை விட்டுச் சென்றது 1858இல். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப் பதினேழு ஆண்டுகள் இருந்தன. அவர் பார்த்த ஒற்றியூர்க் கரை மணல் விரிந்த, முழுமையான கரை. நமக்கு அது கிடைக்கவில்லை. அவர் பாடலில் ஒற்றியூர் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் நான் அந்த மணலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டில் அவை பலகை மாற்றி, வண்ணம் பூசி நிற்கும். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குப் பேச நேரம் இருக்கும் மாதங்கள் இவைதான். ஒரு மாலை, வெயில் தாழ்ந்தபின் போங்கள். அங்கிருந்து பட்டினத்தார் கோயிலுக்குப் போய், கற்களில் இறங்காமல் மேலே நின்றபடியே, ஒரு காய்ந்த தேங்காய் மட்டையைக் கடலில் எறிந்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அலை முதலில் அதைக் கரைக்கே தள்ளும், பொறுத்திருங்கள். அது வடக்கே போனதா, தெற்கே போனதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். தெற்கே போயிருந்தால் அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தை இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.