கேளுங்கள் சொல்கிறேன்: கொழுந்து, கதவு, காட்டுக்கோழி

கேள்வி: என் கணவர் தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். 'இந்த வாரம் ஃப்ளஷ் நல்லா வந்திருக்கு' என்றால் ப்ளஸ் டூ படிக்கும் மகள் சிரிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஃப்ளஷ் கழிப்பறையில் இருப்பது. ஆசாரியோ ஃப்ளஷ் டோர் என்கிறார். எல்லாம் ஒரே சொல்தானா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஒரே சொல்தான் அம்மா. மகளைக் காட்டுக்கோழியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். புதருக்குள் பதுங்கியிருக்கும், காலடிச் சத்தம் கேட்டால் படபடவென்று எழும்பும். பறவை அப்படி எழும்புவதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. அப்புறம், திடீரென்று பாய்ந்து வருகிற எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. தொட்டித் தண்ணீர், முகத்தில் ஏறும் ரத்தம், மழை விட்டதும் செடி முழுக்கத் துளிர்க்கும் ரெண்டு இலை ஒரு மொட்டு. டார்ஜிலிங்கில் குளிர்காலம் முழுக்கச் செடி உறங்கும். மார்ச் வாக்கில் வரும் கொழுந்துதான் 'ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்'. நம் நீலகிரியில் வருஷம் பூராவும் கொழுந்து பறிக்கிறோம்.

கதவுக்கு வருவோம். ஆறு கரை தளும்ப ஓடினால் தண்ணீரும் கரையும் ஒரே மட்டம். 'மட்டமான' என்ற பொருள் அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். மேடு பள்ளமில்லாத வழவழப்பான கதவு, ஃப்ளஷ் டோர். குன்னூரில் என் குளியலறைக் கதவும் அந்த ரகம்தான். ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு நிலைக்குள் போகாமல் அடம்பிடிக்கும்போது, அதை அந்தப் பெயரால் கூப்பிட எனக்கு வாய் வராது.

பரீட்சைக்கு மகள் ஒன்றைக் கவனிக்கட்டும். கைடுகளில் ஃப்ளஷ்ஷுக்கு 'பிளஷ்' (blush) என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் முகம் சிவந்தால் பிளஷ். காய்ச்சலிலோ, கோபத்திலோ, குன்னூர் மார்க்கெட்டிலிருந்து மேலே பெட்ஃபோர்டுக்கு மூச்சு வாங்க ஏறியோ சிவந்தால் ஃப்ளஷ். போனஸ் வாங்கிய வாரம் கையில் காசு புரள்பவரையும் ஃப்ளஷ் என்பார்கள். அதற்காக எஸ்டேட் முதலாளியைப் பற்றி எழுதும்போது 'ரிச்' இருந்த இடத்தில் இதைப் போட்டால் மார்க் போய்விடும். இந்தப் பணம் வந்த வேகத்தில் போகிற பணம்.

கேள்வி: சீட்டாட்டத்தில் அஞ்சும் ஆட்டினாக வந்தால் ஃப்ளஷ் என்கிறோமே, அதுவும் இதுவேதானா?
- ஒரு வாசகர், கூடலூர்

பதில்: அது வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'ஓட்டம்' என்று பொருள்படும் ஃப்ளுக்ஸுஸ், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது என்பார்கள். எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல்.